பாலைவனப் பேயின் பிறப்பு

இஸ்லாத்துக்கு முந்திய அரபுகள் ‘கூல்’ என்னும் பாலைவனப் பேய்க்குப் பெரிதும் அஞ்சினர். தனித்துச் செல்லும் பயணியை அது வழிதப்பச் செய்து கொல்லுமாம். எவ்வுருவம் எடுத்தாலும் அதன் கால் கழுதைக் குளம்பாகவே இருக்குமாம்! தஅப்பத ஷர்ரன் என்ற கவிஞரோ, தாம் ஒரு கூலைக் கொன்றதாகவே பாடி வைத்தார். கூலை மறுக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அப்படியொன்று இல்லவே இல்லை என்பது அதற்குச் சிலர் தரும் விளக்கம். வழிதப்பச் செய்யும் ஆற்றல் அதற்கில்லை என்பது வேறு சிலர் விளக்கம்.

இக்கதைகள் பிறந்த விதத்தை நழ்ழாம் ஆராய்ந்தார். அதை அவர் மாணவர், ஹிஜ்ரி 255இல் மறைந்த பஸ்ராவின் ஜாஹிழ், ‘கிதாபுல் ஹயவான்’ நூலில் பதிந்துள்ளார். ஆளற்ற வெளியில் நெடுநாள் வாழ்பவனுக்குச் சிறியது பெரிதாய்த் தோன்றும். தோன்றியதை அவன் கவிதையாக்குவான். பிள்ளைகள் அதைக் கேட்டே வளர்வர். பின்னொரு நாள் இருளில் ஆந்தை அலறினால் போதும், கேட்டதெல்லாம் அவர்கள் கண்முன் நிற்கும்.

ஜின் உண்டென்பது நம் நம்பிக்கை. முஃதஸிலாவான நழ்ழாமின் கொள்கைகள் பலவும் நமக்கு உடன்பாடல்ல. ஆயினும், நம்மிடம் ஓதவந்த ஒன்பது வயதுச் சிறுவன் இரவில் கொல்லைப்புறம் செல்ல அஞ்சி விடியும்வரை விழித்திருந்தான். காரணம் கேட்டோம். உம்மம்மா சொன்ன புளியமரத்துப் பேய் என்றான்.