கூலிக்கு மீட்டியவர்கள்

ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்திராதவர்கள் எங்கள் நண்பர் வட்டத்தில் உண்டு. அந்தக் கிடார் ஒலியைக் கேட்டிராதவர் ஒருவரும் இல்லை. தடித்த தந்திகளில், சற்றே கரகரத்து, இருட்டில் யாரோ பின்தொடர்வதுபோல் ஊர்ந்து வரும் அந்தச் சில நொடிகளை இயற்றியவர் யார் என்று கேட்டால் பலரும் ஜான் பாரி என்பார்கள். படத்தின் எழுத்தோட்டத்தைக் கவனித்துப் படித்தவர்கள் மான்டி நார்மன் என்று திருத்துவார்கள். வாசித்தவர் யார் என்று கேட்டால் மௌனம்தான் பதில்.

அவர் பெயர் விக் ஃப்ளிக். 1937-இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்து, 2024 நவம்பரில் தமது 87-ஆம் வயதில் மறைந்தார். மறைந்தபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் அஞ்சலிக் குறிப்பு எழுதின. எழுதியவர்கள் அனைவரும் முதல் வரியிலேயே அந்த ஒலியைச் சொல்லித்தான் ஆளை அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது.

மேற்கத்திய வெகுசன இசையில் 'ரிஃப்' என்று ஒன்றைச் சொல்வார்கள். ஒரு பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சிறிய வாத்தியத் தொடர் அது. பாடகர் வாய் திறக்கும் முன்பே இது இன்ன பாட்டு என்று அடையாளம் காட்டிவிடுவது. நம்மூர் மெல்லிசை மேடைகளில் முதல் இரண்டு நொடியிலேயே கூட்டம் ஆர்ப்பரிக்கிறதே, அந்த ஆர்ப்பரிப்பு பெரும்பாலும் பாடகரை நோக்கியதன்று. அப்படியொரு தொடரை நோக்கியது. அதைக் கண்டெடுத்தவர் பல சமயம் இசையமைப்பாளராக இருப்பதில்லை. அன்றைய ஒலிப்பதிவுக்குக் கூலி பேசி அழைக்கப்பட்ட ஒரு கிடார்க்காரராக இருப்பார். சென்னைத் திரையுலகம் 'கால்ஷீட்' என்று கணக்கிடுவதுபோல லண்டனிலும் நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் 3 மணி நேரம் ஓர் அமர்வு. அவர் முன்னால் வைக்கப்படும் தாளில் பல வேளை முழு ஸ்வரக்குறிப்பு இராது. ஸ்வரக்கட்டுகளின் பெயர்களும் தாளத்தைச் சுட்டும் சாய்கோடுகளும் மட்டும் இருக்கும். தயாரிப்பாளர், "ஆரம்பத்தில் ஏதாவது வேண்டும்" என்பார். அந்த 'ஏதாவது' என்ன என்பதை அடுத்த சில நிமிடங்களில் கண்டுபிடிக்க வேண்டியது கிடார்க்காரரின் பொறுப்பு.

1962 ஜூன் 21 அன்று லண்டன் பேஸ்வாட்டரில் இருந்த சி.டி.எஸ். ஒலிப்பதிவுக்கூடத்தில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே. 'டாக்டர் நோ' படத்துக்கு மான்டி நார்மன் எழுதிய முகப்பிசை தயாரிப்பாளர்களுக்குப் போதவில்லை. அதைச் செப்பனிட ஜான் பாரி அழைக்கப்பட்டார். பாரியின் ஏழு பேர் குழுவில் முதன்மைக் கிடார் வாசித்துவந்தவர் ஃப்ளிக். நார்மனின் மெட்டு எழுத்தில் இருந்தபடி வாசித்தால் மெலிந்து ஒலித்தது. அதை ஒரு ஸ்தாயி கீழே இறக்கித் தடித்த தந்திகளில் வாசிக்கலாம் என்பது தம் யோசனை என்று ஃப்ளிக் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கிளிஃபர்ட் எசெக்ஸ் நிறுவனத்தின் பழைய 'பாரகன்' கிடார். ஒலியை வாங்கும் கருவி தந்திகளுக்கு நெருக்கமாக இருக்கவேண்டும் என்பதற்காக அதற்கடியில் நசுக்கிய சிகரெட் பெட்டி ஒன்றைச் செருகி வைத்திருந்தாராம். கெட்டியான பிக்கால், தாளத்துக்கு இம்மியளவு முந்திக்கொண்டு, தந்தியை அழுத்தி மீட்டினார். துப்பாக்கியுடன் ஒருவன் நடந்துவரும் நடை அந்த முந்தலில்தான் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். அதே ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி மேலே, தாளத்தோடு ஒட்டி, பியானோவில் வாசித்துப் பாருங்கள். எந்த உளவாளியும் வரமாட்டான்.

அன்றைய வேலைக்கு ஃப்ளிக் பெற்ற ஊதியம் 10 பவுண்டுக்கும் குறைவு. ஒரே தடவை.

இந்த மெட்டின் பூர்வ கதை இலக்கிய வாசகர்களுக்குச் சுவையானது. வி.எஸ். நைபாலின் 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' 1961-இல் வெளிவந்த நாவல். டிரினிடாட் தீவில் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட இந்தியர்களின் வழித்தோன்றல் ஒருவன், மனைவி வீட்டாரின் நிழலிலிருந்து விலகித் தனக்கென ஒரு வீடு வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் தவிப்பதைச் சொல்வது. அதை இசை நாடகமாக்கும் முயற்சி ஒன்று நடந்தது. நாடகம் மேடையேறவில்லை. அதற்காக நார்மன் கிழக்கத்தியச் சாயலில் எழுதிய பாட்டொன்று மேசை இழுப்பறைக்குள் போயிற்று. பாண்ட் படத்துக்கு மெட்டுத் தேடியபோது அதை எடுத்து, நீண்ட ஸ்வரங்களைத் துண்டுகளாக உடைத்துக் கொடுத்ததாக நார்மன் விளக்கினார். 2005-இல் அவர் அந்தப் பழைய பாட்டைத் தம் இசைத்தட்டில் வெளியிட்டார். ஒற்றுமையைக் காதுள்ள எவரும் கேட்கலாம்.

சொந்த வீட்டுக்காக ஏங்கிய பிஸ்வாஸின் மெட்டு, 'இது யாருக்குச் சொந்தம்' என்ற வழக்காக நீதிமன்றத்துக்குப் போனது நைபாலே எழுதத் தயங்கியிருக்கக்கூடிய விசித்திரம். மெட்டை உண்மையில் இயற்றியவர் பாரி என்று 1997-இல் லண்டன் 'சண்டே டைம்ஸ்' எழுதியது. நார்மன் அவதூறு வழக்குத் தொடுத்தார். 250 பவுண்டு வாங்கிக்கொண்டு, பெயரும் உரிமையும் நார்மனுக்கே என்று ஒப்புக்கொண்டதாகப் பாரி சாட்சி சொன்னார். 2001 மார்ச்சில் நடுவர் குழு நார்மன் பக்கம் தீர்ப்பளித்தது; இழப்பீடு 30,000 பவுண்டு. உரிமைத் தொகையாக அதற்கு முன்பே அவருக்குப் பல லட்சம் பவுண்டு சேர்ந்திருந்தது. எழுதியவரா, அமைத்தவரா என்று இரு தரப்பும் வாதாடிய அந்த வழக்கில், வாசித்தவருக்கு என்ன பங்கு என்ற கேள்வி எழவே இல்லை. யாரும் அநியாயம் செய்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. சட்டத்தின் கண்ணுக்கு அங்கே மூன்றாவது மனிதர் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஏன் தெரியவில்லை? 'பாட்டு' என்றால் சொல்லும் மெட்டும் என்றே பதிப்புரிமை வழக்கம் நெடுங்காலம் புரிந்துகொண்டிருந்தது. தாளில் எழுதிப் பதிப்பகத்தில் கொடுக்கக்கூடியது எதுவோ அது படைப்பு. ஒலிப்பதிவுக்கூடத்தில் அதன்மேல் சேர்வதெல்லாம் உழைப்பு. அச்சிட்ட ஸ்வரத்தாள்கள் விற்ற காலத்தில் இந்தப் பிரிவினைக்கு நியாயம் இருந்தது. ஒலித்தட்டு வந்த பிறகு மக்கள் வாங்கியது தாளை அல்ல, ஒலியை. கணக்குப் புத்தகம் மட்டும் பழையபடியே நின்றது. பழைய தமிழ்ப் பதிப்புகளில் மொழிபெயர்ப்பாளர் பெயரைத் தேடிக் களைத்தவர்களுக்கு இந்த மனோபாவம் புதிதாக இராது.

பிற்காலத்தில் இங்கிலாந்து நீதிமன்றங்கள் சற்று இறங்கிவந்தன. 'தி புளூபெல்ஸ்' குழுவின் 'யங் அட் ஹார்ட்' 1984-இல் வெளியான பாட்டு. 1993-இல் கார் விளம்பரம் ஒன்றில் ஒலித்து, மறுவெளியீட்டில் இங்கிலாந்துப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. அதில் மனத்தில் நிற்பது ஒரு வயலின் தொடர். அதை வாசித்தவர் அன்றைக்குக் கூலிக்கு வந்த பாபி வாலன்டினோ. அத்தொடரை உருவாக்கியவர் என்ற முறையில் அவரும் அந்தப் பதிவின் இணை ஆசிரியரே என்று 2002-இல் நீதிமன்றம் ஏற்றது; மேல்முறையீட்டிலும் அது நின்றது. 1967-ஆம் ஆண்டின் 'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டுக்கு ஆர்கன் வாசித்த மாத்யூ ஃபிஷருக்கு 40 சதவீதப் பங்கு உண்டென்பது 2009-இல் பிரபுக்கள் சபையில் உறுதியானது. ஃபிஷர் கூலிக்கு வந்தவரல்லர், அக்குழுவின் உறுப்பினர். ஆனால் கேள்வி அதேதான். அவர் வழக்குத் தொடுத்தது பாட்டு வெளியாகி 38 ஆண்டுகள் கழித்து என்பதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாரும் வழக்காட விரும்பியவர்களல்லர். லூ ரீடின் 'வாக் ஆன் த வைல்ட் சைட்' பாட்டில் (1972) இரண்டு பேஸ் ஒலிகள் ஒன்றோடொன்று இழைந்து வழுக்கிச் செல்லும். முதலில் நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸிலும், பிறகு அதன்மேல் மின் பேஸ் கிடாரிலும் வாசித்தவர் ஹெர்பி ஃபிளவர்ஸ். இரண்டாவது வாத்தியத்தை ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டால், இரண்டு வாத்தியம் வாசித்தால் சங்க விதிப்படி கூலி இரட்டிப்பு என்று சிரித்துக்கொண்டே சொல்வார். இந்தப் பதில் எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கூலி முறைக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்லத்தான் வேண்டும்: ஓடாமல் போன நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்கும் இவர்களுக்கு அதே கூலி கிடைத்தது. உரிமைப் பங்கு என்று வைத்திருந்தால் அந்த வாரங்களில் அடுப்பு எரிந்திராது. நம் இளையராஜாவேகூட 'அன்னக்கிளி'க்கு (1976) முன்பு பிறரது ஒலிப்பதிவுகளில் கிடார் வாசித்துப் பிழைத்தவர்தான். எனினும் கூலி வேறு, பெயர் வேறு. கூலி கொடுத்தாயிற்று என்பதற்காகப் பெயரையும் வைத்துக்கொள்வதுதான் எங்களை உறுத்துகிறது.

அந்த உறுத்தல் மிக ஆழமாகப் படிவது அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில். வெஸ்ட் கிராண்ட் பூல்வார்டில் 2648-ஆம் எண் வீடு. பெரி கோர்டி 1959-இல் வாங்கிய அந்த வீட்டின் பின்பகுதியில் இருந்த ஒலிப்பதிவு அறைக்கு வாத்தியக்காரர்கள் வைத்த பெயர் 'பாம்புக்குழி'. மோட்டவுன் நிறுவனத்தின் 1960-களின் வெற்றிப் பாட்டுகள் பெரும்பாலும் இங்கே ஒரே குழுவால் வாசிக்கப்பட்டவை. இரவில் ஜாஸ் விடுதிகளில் வாசித்துவிட்டுப் பகலில் இங்கு வருவார்கள். பகலில் இங்கு வாசித்துவிட்டு இரவில் அங்கே போவார்கள். ஆரம்ப நாட்களில் ஒரு பாட்டுக்குச் சில டாலர்கள்.

கிடாருக்கு மட்டும் மூன்று பேர்: ராபர்ட் ஒயிட், எடி வில்லிஸ், ஜோ மெஸ்ஸினா. பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து, ஒருவர் வழியில் மற்றவர் குறுக்கிடாமல் வாசிக்கும் வித்தை கைவந்தவர்கள். தாளத்தின் இரண்டாம், நான்காம் தட்டுகளில் மெஸ்ஸினா வெட்டிவைப்பார். இடைவெளிகளில் வில்லிஸ் புளூஸ் சாயலில் ஏதாவது பேசுவார். கனத்த, உருண்டையான தொனியில் வரும் தொடர்கள் ஒயிட்டினுடையவை. யாரும் பிரித்துக் கொடுத்த வேலையன்று அது. பழகிப் பழகித் தாமாக அமைந்தது.

ஸ்மோக்கி ராபின்சனும் ரொனால்ட் ஒயிட்டும் எழுதி, 'தி டெம்ப்டேஷன்ஸ்' குழு பாடிய 'மை கேர்ள்' 1964 டிசம்பரில் வெளியாகி, அடுத்த மார்ச்சில் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது. ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிடார் இதயத் துடிப்புபோல் தொடங்க, அதன்மேல் ராபர்ட் ஒயிட்டின் கிடார் ஆறு ஸ்வரங்களில் படியேறும். ஸ ரி க ப த ஸ. நம் காதுக்கு அது மோகனத்தின் ஆரோகணமே தவிர வேறில்லை. பின்பு மத்தியமத்தைச் சட்ஜமாகக் கொண்டு அதே ஏற்றத்தை இன்னொரு முறை செய்வார். எந்தக் குழந்தையும் வாய்ப்பாடுபோல் ஒப்பிக்கக்கூடிய வரிசை. அதை அந்த இடத்தில், அந்த வேகத்தில், ஒவ்வொரு ஸ்வரத்தையும் முழுதாக ஒலிக்கவிட்டு வைக்கத் தோன்றியதுதான் ஒயிட்டின் பங்கு. எளிமை எளிதில் வருவதில்லை என்பதைக் கவிதை வாசிப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இசைத்தட்டின் உறையில் ஒயிட்டின் பெயர் இல்லை, மற்றவர்கள் பெயரும் இல்லை. மோட்டவுன் தட்டு ஒன்றில் இந்த வாத்தியக்காரர்கள் முதன்முறையாகப் பெயர் சொல்லப்பட்டது 1971-இல், மார்வின் கே பாடிய 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பில். மறு ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம்பெயர்ந்தது. டெட்ராய்டில் இனி ஒலிப்பதிவு இல்லை என்பதை, வழக்கம்போல் வேலைக்கு வந்தவர்கள் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். சிலர் பின்னாலேயே கலிபோர்னியா போனார்கள். ஜேமர்சன் அப்படிப் போய், வேலை குறைந்து, 1983-இல் 47 வயதில் இறந்தார்.

ராபர்ட் ஒயிட்டும் போனவர்களில் ஒருவர். ஆலன் ஸ்லட்ஸ்கி இந்த வாத்தியக்காரர்களைத் தேடித் திரிந்து ஜேமர்சனைப் பற்றி 1989-இல் புத்தகம் எழுதியவர். 2002-இல் 'ஸ்டாண்டிங் இன் த ஷேடோஸ் ஆஃப் மோட்டவுன்' என்ற ஆவணப்படம் உருவாகக் காரணமாக இருந்தவர். அவர் சொல்லும் நிகழ்ச்சி இது. லாஸ் ஏஞ்சலஸில் ஓர் உணவகத்தில் ஒயிட்டுடன் அமர்ந்திருக்கிறார். ஒலிபெருக்கியில் 'மை கேர்ள்' தொடங்குகிறது. அந்த ஆறு ஸ்வரங்கள். என்ன வேண்டும் என்று கேட்கப் பரிசாரகர் வந்து நிற்கிறார். ஒயிட்டின் முகம் மலர்கிறது. ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். பிறகு நிறுத்திக்கொண்டு, சாப்பிட வேண்டியதை மட்டும் சொல்லி அனுப்புகிறார். என்ன சொல்ல வந்தீர்கள் என்று ஸ்லட்ஸ்கி கேட்டபோது, அதை வாசித்தது நான்தான் என்று சொல்ல நினைத்ததாகவும், சொன்னால் அந்த ஆள் தன்னை ஒரு கிழட்டுப் பைத்தியம் என்று எண்ணிக்கொள்வான் என்று தோன்றியதால் விட்டுவிட்டதாகவும் ஒயிட் சொன்னாராம்.

1994-இல் ராபர்ட் ஒயிட் காலமானார். படம் திரைக்கு வர இன்னும் 8 ஆண்டுகள் இருந்தன.