வெயிலிடம் கேட்ட தவறான வேலை

ஆலைத் தொழிலுக்கு வெயிலின் வெப்பத்தைப் பிடித்துக் கொடுக்கும் முயற்சி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பழையது. அந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: நிலக்கரி மலிவாகக் கிடைத்தது, வெயில் தோற்றது. இது பாதி உண்மைதான். வெயிலிடம் என்ன வேலை வாங்கப் பார்த்தார்கள் என்பதில் இருக்கிறது மறு பாதி. வெப்பத்தை வெப்பமாகவே பயன்படுத்திய இடங்களில் அது பல்லாண்டு நிலைத்தது. அதை நீராவியாக்கி, அந்த நீராவியைக் கொண்டு சக்கரம் சுழற்ற முனைந்த இடங்களில்தான் திணறியது.

பிரான்சின் கணித ஆசிரியர் ஓகுஸ்தேன் மூஷோ, நிலக்கரி ஒருநாள் தீர்ந்துவிடும் என்ற கவலையில் இந்த ஆராய்ச்சிக்கு வந்தவர். சூரிய வெப்பமும் அதன் தொழில் பயன்களும் பற்றிய அவருடைய நூல் 1869இல் வெளிவந்தது. 1878 பாரிஸ் உலகக் கண்காட்சியில் வெயிலைக் கொண்டே பனிக்கட்டி உண்டாக்கிக் காட்டித் தங்கப் பதக்கம் பெற்றார். அவருடைய உதவியாளர் ஆபெல் பிஃப்ர், 1882இல் பாரிஸின் துய்லெரி தோட்டத்தில் சூரிய இயந்திரத்தால் அச்சுப்பொறியை ஓட்டிப் பத்திரிகையே அச்சடித்தார். ஆனால் 1860இல் பிரிட்டனோடு செய்துகொண்ட வணிக உடன்படிக்கைக்குப் பிறகு பிரான்சில் நிலக்கரி தாராளமாகிவிட்டது. அரசு நடத்திய சோதனைகளும் இது கட்டுபடியாகாது என்றே முடிந்தன. பம்பாயிலும் இதே ஆசை எழுந்தது. உயர்நீதிமன்றத்தில் துணைப் பதிவாளராக இருந்த வில்லியம் ஆடம்ஸ், தட்டைக் கண்ணாடிகளை அரைவட்டமாக நிறுத்தி, ஒளி முழுவதும் ஒரு கொதிகலன் மீது விழச் செய்தார். கொலாபாவில் தம் வீட்டு வளாகத்திலேயே இரண்டரைக் குதிரைத்திறன் இயந்திரத்தை ஓட்டினார். வெப்ப நாடுகளில் எரிபொருளுக்குப் பதிலாக வெயில் என்று 1878இல் நூலும் எழுதினார். வெயிலுக்குப் பஞ்சமில்லாத, நிலக்கரி விலை கூடிய ஊர் அது. அங்கும் ஆலைகள் அவர் வழியை ஏற்கவில்லை.

அதே பத்தாண்டில், இவ்வளவு ஆரவாரம் இல்லாமல், தென் அமெரிக்காவில் ஒரு வேலை நடந்தது. இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். இன்று சிலியில் இருக்கும் அட்டகாமா பாலைவனத்தின் லாஸ் சலினாஸில், வெடியுப்புச் சுரங்கங்களின் கோவேறு கழுதைகளுக்குக் குடிநீர் இல்லை. கிடைத்த நீரெல்லாம் உவர்நீர். பொறியாளர் சார்ல்ஸ் வில்சன் 1872இல் அடிப்பாகம் கறுப்பேற்றிய மரத்தொட்டிகளை வரிசையாக அமைத்து, மேலே சாய்வாகக் கண்ணாடி போட்டு மூடினார். உள்ளே உவர்நீர் சூடாகி ஆவியாகும். ஆவி கண்ணாடியில் பட்டு நன்னீராக வழியும். 4,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பு, நாளொன்றுக்கு 20,000 லிட்டருக்கு மேல் நீர். சூரியனைத் தொடர்ந்து திரும்பும் கண்ணாடி இல்லை, உயரழுத்தக் கொதிகலன் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அது இயங்கியது. தூத்துக்குடி உப்பளங்களின் பாத்திகளில் கடல்நீர் வற்றி உப்பு விளைவதும் இதே வழியில்தான். அதைச் சூரிய வெப்பத் தொழில் என்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பேன்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இயற்பியலில் இருக்கிறது. 100 டிகிரி நீராவியில் ஓடி, 30 டிகிரி சுற்றுப்புறத்தில் வெப்பத்தைக் கழிக்கும் இயந்திரம் எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்தாலும், பெற்ற வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இயக்கமாக மாற்ற முடியாது. நடைமுறையில் கிடைப்பது அதிலும் வெகு குறைவு. துணி அலசவும் பால் காய்ச்சவும் சாயத்தொட்டியைச் சூடேற்றவும் இந்த இழப்பைச் சுமக்க வேண்டியதில்லை. அங்கே தேவைப்படுவதே வெப்பம்தான்.

அப்படியானால் ஃபிராங்க் ஷூமன் என்ன ஆனார் என்று கேட்கலாம். ஃபிலடெல்ஃபியாக்காரரான ஷூமன் 1913இல் எகிப்தின் மாதியில் ஒவ்வொன்றும் 60 மீட்டருக்கு மேல் நீண்ட ஐந்து வளைகண்ணாடித் தொட்டிகளை நிறுவி, நீராவி இயந்திரத்தால் வயலுக்கு நீர் இறைத்துக் காட்டினார். அந்த நிலையம் நின்றது 1914இல் வெடித்த உலகப் போரால். இயந்திரத்தின் பலவீனத்தால் அல்ல. இது என் வாதத்துக்கு எதிரான சான்றுதான், மறுக்கவில்லை. ஆனால் போர் முடிந்த பிறகும் அதை யாரும் மீண்டும் எழுப்பவில்லை. எண்ணெயில் ஓடும் எஞ்சினோடு போட்டியிட வேண்டிய இடத்தில் அவர் வெயிலை நிறுத்தியிருந்தார். அங்கே விலை சற்று இறங்கினாலே போட்டி முடிந்துவிடும்.

இரவிலும் மழையிலும் என்ன செய்வது என்பது இன்னொரு கேள்வி. வெந்நீரைத் தொட்டியில் சேமிப்பது மின்சாரத்தைச் சேமிப்பதைவிட எளிது. போதாத நாளில் பழைய கொதிகலன் கைகொடுக்கும். சிமெண்டுக்கும் இரும்புக்கும் வேண்டிய ஆயிரம் டிகிரியை, வெயிலில் நீரைச் சூடாக்கும் வெப்பத்தகடுகள் தராது என்பது சரி. ஆனால் உலகத் தொழிற்சாலைகளின் ஆற்றல் தேவையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெப்பமாகவே செலவாகிறது. அதில் கணிசமான பகுதிக்கு 150 டிகிரியே போதும். இன்றைய வலுவான மறுப்பு வேறு: சூரிய மின்தகடு இவ்வளவு மலிந்த பிறகு வெப்பத்தகடு எதற்கு? இதை எளிதில் தள்ளிவிட முடியாது. இடம் தாராளமாக இருக்கும் ஆலைக்கு மின்தகடே சிக்கனமாக அமையலாம். கூரை குறுகிய ஆலையில் கணக்கு மாறும். மின்தகடு வெயிலில் ஐந்தில் ஒரு பங்கையே மின்சாரமாக்குகிறது. மிதமான சூட்டுக்கு வெப்பத்தகடு பாதியையோ அதற்கு மேலுமோ வெப்பமாகத் தருகிறது. சிலியின் கப்ரியேலா மிஸ்ட்ரல் செப்புச் சுரங்கத்தில், செம்பைப் பிரித்தெடுக்கும் கரைசலைச் சூடாக்க 39,300 சதுர மீட்டர் வெப்பத்தகடுகள் 2013 முதல் இயங்குகின்றன. அதற்கு முன் எரிந்த டீசலில் பெரும்பகுதி மிச்சமாகிறது. அந்தச் சுரங்கமும் அட்டகாமாவில்தான் இருக்கிறது, அங்கும் வெயிலிடம் கேட்பது சூட்டை மட்டும்தான்.