சர்வர் மின்திட்ட அமைப்பு

சர்வரின் செயலி எவ்வளவு வேகத்தில் ஓடலாம், வேலையில்லாதபோது எவ்வளவு ஆழமாக உறங்கலாம் என்பதை வரையறுக்கும் அமைப்பு. இதற்கான பொதுத் தரமான ஏசிபிஐ 1996-இல் வெளிவந்தது.

பயாஸ், இயங்குதளம் என இரண்டு இடங்களில் இதை மாற்றலாம், குழப்பமும் அங்கேதான். பயாஸ் பிடியைத் தளர்த்தாவிட்டால், லினக்ஸில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று மாற்றியும் பயனில்லை. விண்டோஸ் சர்வரோ 2008 பதிப்பு முதல், வேகத்தையும் மின்சேமிப்பையும் சமன்செய்யும் ‘பேலன்ஸ்டு’ திட்டத்துடனேயே வருகிறது.

ஆழ்ந்த உறக்கமான சி6 நிலையிலிருந்து செயலியின் கரு விழிக்க நூறு மைக்ரோநொடி அளவுக்கு ஆகலாம். லேசான உறக்கமான சி1-இலிருந்து என்றால் ஓரிரு மைக்ரோநொடி போதும். சின்னச் சின்னக் கோரிக்கைகள் விட்டுவிட்டு வரும் தரவுத்தளத்தில் இந்தத் தாமதம் சேர்ந்துகொண்டே போகும். அப்போதும் செயலிப் பயன்பாடு குறைவாகவே தெரிவதால், நிர்வாகி கோளாறை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார். உறக்கத்தை அடியோடு தடுப்பதும் சரியல்ல: சும்மா இருக்கும் கருக்கள் விட்டுக்கொடுக்கும் மின்சாரத்தில்தான் மற்றவை டர்போ வேகத்தை எட்டுகின்றன.

உறக்கத்தால் மிச்சமாகும் மின்சாரம் தரவு மையங்களில் இன்னும் முக்கியம். தாம்பரத்துக்குத் தென்கிழக்கே, சிறுசேரி சிப்காட் பூங்காவில் அதானிகனெக்ஸ் நிறுவனம் 2022-இல் தரவு மையம் திறந்தது; முதற்கட்டத் திறன் 17 மெகாவாட். இத்தகைய மையங்களில் செயலி உண்ணும் மின்சாரம் முழுதும் வெப்பமாகிறது. சென்னைப் புழுக்கத்தில் அதை வெளியேற்றத் தனியே மின்சாரம் வேண்டும்.