ஒரு கிளிக்கின் விலை: ஜவ்வாதுமலைப் பக்கத்துக்கு வரும் இரண்டு வாசகர்கள்

ஜவ்வாதுமலையைப் பற்றி ஒரு இணையதளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூகுளில் தேடி இரண்டு பேர் அங்கே வருகிறார்கள். ஒருவருக்கு ஜமுனாமரத்தூரில் தங்க ரூம் வேண்டும். அரை நிமிடம் பார்த்துவிட்டு ஒரு விடுதி விளம்பரத்தைத் தட்டிப் போய்விடுகிறார். இன்னொருவர் மலையில் இருக்கும் நடுகற்களையும் கற்திட்டைகளையும் பற்றி இருபது நிமிடம் உட்கார்ந்து படிக்கிறார். எந்த விளம்பரத்தையும் தொடவில்லை. தளம் நடத்துகிறவருக்கு யாரால் காசு? பெரும்பாலும் முதல் ஆளால்தான். இது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போகணும்.

அச்சுக் காலத்தில் கணக்கு எளிது. எத்தனை பிரதி விற்றது என்பதுதான் கேள்வி. 1928-இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ். வாசன் அதற்கு முன்பே விளம்பரத் தொழிலில் இருந்தவர். விற்பனை ஏறினால்தான் விளம்பரம் வரும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டிய பாடமில்லை. 1948-இல் இந்தியாவில் ஏபிசி எனப்படும் விற்பனைத் தணிக்கை அமைப்பு வந்தது. விளம்பரதாரர் நம்புகிற எண்ணிக்கை கிடைத்தது. ஆனால் வாங்கியவர் ஏழாம் பக்க விளம்பரத்தைப் பார்த்தாரா, அந்தத் தாளில் வடை மடித்தாரா என்று எண்ணிச் சொல்ல வழியில்லை.

இணையம் இதைத்தான் மாற்றியது. 1994 அக்டோபர் 27-ஆம் தேதி ஹாட்வயர்டு தளத்தில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பட்டை விளம்பரம் வந்தது. பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் அதை கிளிக் செய்ததாகச் சொல்வார்கள். புதுசு என்பதால் வந்த ஆர்வம் அது. பிறகு அந்த விகிதம் சரிந்துகொண்டே போனது. அதே 1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி குக்கீயை உருவாக்கினார். வந்தவரே திரும்ப வந்தால் அடையாளம் காண முடிந்தது.

1998-இல் கோட்டூ என்ற தேடல் தளம், கிளிக் விழுந்தால் மட்டும் பணம், அந்த கிளிக்குக்கும் ஏலம் என்ற முறையைக் கொண்டுவந்தது. கூகுளும் அந்த வழிக்கு வந்தது. 2003-இல் வந்த ஆட்சென்ஸ், பக்கத்தில் உள்ள சொற்களைப் படித்து அதற்கேற்ற விளம்பரத்தைச் சின்னச் சின்னத் தளங்களுக்கும் கொடுத்தது. அப்போதுதான் வாசகர் என்ன தேடி வருகிறார் என்பது நேரடியாகக் காசானது. ‘விடுதி’ என்ற சொல்லுக்கு ஏலம் கேட்க ஆள் உண்டு. ‘நடுகல்’லுக்கு யார் கேட்பார்கள்?

கிளிக்குக்குக் காசு என்றதும் திருட்டு கிளிக்கும் வந்தது. இது தொடர்பாக அமெரிக்காவில் நடந்த வழக்கில் 2006-இல் கூகுள் 9 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டது. ‘நம்ம தளத்துக்கு ஆளுக்கு ரெண்டு கிளிக் போடுங்கப்பா’ என்று நண்பர்களிடம் கேட்டால் கணக்கே முடங்கலாம் என்ற விதி இந்தப் பயத்திலிருந்து வந்ததுதான்.

தமிழுக்கு இந்தக் கதை தாமதமாகவே தொடங்குகிறது. ஆட்சென்ஸ் தமிழை ஏற்றது 2018 பிப்ரவரியில். இந்திக்கு 2014 கடைசியிலேயே கிடைத்துவிட்டது. அதுவரை வலைப்பூ எழுதிய பெரும்பாலான தமிழர்களுக்கு வாசகர் எங்கே தட்டினார் என்று கவலைப்படக் காரணமே இல்லை. கல்வெட்டு, ஊர்ப்பெயர், நாட்டார் தெய்வம் என்று கூட்டம் சேராத விஷயங்களை நீளமாக எழுதினார்கள். வருமானம் இல்லாததும் ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைக்கிறேன். காசு வந்த பிறகு, ‘பார்க்க வேண்டிய 10 இடங்கள்’ வகைப் பக்கங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டது நமக்குத் தெரிந்ததுதான்.

ஆள் எங்கிருந்து படிக்கிறார் என்பதும் விலையில் சேரும். ஒரே தமிழ்க் கட்டுரையை டொராண்டோவிலிருந்து படிப்பவருக்குக் காட்டும் விளம்பரம், ஆலங்காயத்திலிருந்து படிப்பவருக்குக் காட்டுவதைவிடப் பொதுவாக விலை கூடியது. அங்கே ஏலம் கேட்பவரின் மடி கனம், அவ்வளவுதான்.

கடைசி மாற்றம் 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. ஆட்சென்ஸ் கிளிக்கை விட்டு, விளம்பரம் காட்டப்பட்ட தடவைக்குப் பணம் தரும் முறைக்கு மாறியது. காட்டப்பட்டது என்றாலும் கண்ணில் பட்டதா என்று விளம்பரதாரர் பார்ப்பார். பரவலான அளவுகோல்படி, விளம்பரத்தின் பாதிப் பரப்பாவது ஒரு நொடி திரையில் தெரிந்திருக்கணும். ஆக, கீழே வரை நிதானமாகப் படித்துப் போகிற நம் நடுகல் வாசகருக்கும் இப்போது ஒரு விலை உண்டு. ரூம் தேடுபவரின் விலைக்கு அது எட்டுவது கடினம்.

இதில் மலைக்கு என்ன நஷ்டம்? கோடை விழா சமயத்தில் அருவிக்கு வழி சொல்லும் பக்கங்கள் எத்தனையோ கிடைக்கும். வயலோரம் நிற்கும் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லும் பக்கம் அரிது. தன் நிலத்தில் இருப்பது நடுகல் என்று தெரியாதவர் அதைப் பெயர்த்து வரப்பில் போட்டால், அந்த இழப்பு எந்தத் தளத்தின் வருகைக் கணக்கிலும் ஏறாது.

தளம் நடத்துகிறவர்கள் ஒன்று செய்யலாம். ரூம் தேடி வருபவரின் பக்கத்திலேயே நடுகற்களுக்கும், 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கும் காவலூர் வானாய்வகத்துக்கும் ஆளுக்கொரு இணைப்பு வைக்கலாம். விடுதி விளம்பரத்தில் வருகிற காசு கல்லைப் பற்றி எழுதுகிறவரின் பஸ் செலவுக்கு ஆகட்டும்.