ஆரல்வாய்மொழிக் காற்றும் தேசிய இலக்கும்

மேற்குத் தொடர்ச்சி மலை தன் தென்கோடியில் விட்டுவைத்த இடைவெளி ஆரல்வாய்மொழி. 1809 பிப்ரவரியில், வேலுத்தம்பி தளவாய் கிளர்ந்தெழுந்தபோது, ஆங்கிலப் படை இங்கிருந்த அரணைக் கைப்பற்றித்தான் நாஞ்சில் நாட்டினுள் நுழைந்தது. காற்றுக்கு எந்த அரணும் தடையாக இருந்ததில்லை. தென்மேற்குப் பருவக்காற்று இக்கணவாயில் நெருக்குண்டு, விசை கூடி, முப்பந்தல் வெளியில் வீசுகிறது.

தமிழகத்தின் காற்றாலை முயற்சி 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தொடங்கியது. 1990களில் முப்பந்தல் காற்றாலைக் காடாயிற்று. பெரிய தேசிய இலக்குகள் அதற்குப் பின் வந்தவை. 2022க்குள் 175 கிகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்திறன் என்று 2015இல் வகுத்தார்கள்; எட்டியது ஏறத்தாழ 120. அத்தவணை முடியுமுன்பே, 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில், 2030க்குள் 500 கிகாவாட் என்று அறிவிக்கப்பட்டது. அணுமின்சாரமும் அதில் அடக்கம்.

இலக்கை உயர்த்தக் கோருவது நியாயமே. ஆனால் காற்று மிகுந்த மாதங்களில், மின்தடங்கள் போதாமையால் இங்கே காற்றாலைகளை நிறுத்திவைத்ததுண்டு. பழைய சிறு காற்றாலைகளை மாற்றும் கொள்கை 2016இலேயே வந்தும் பணி மெதுவாகவே நகர்ந்தது. இலக்கு கணக்கிடுவது நிறுவிய திறனை மட்டுமே. வீடு வந்து சேரும் மின்சாரத்துக்கும் ஓர் இலக்கு கோருவதே முப்பந்தல் தரும் பாடம்.