ஹயர் ஓடும் நம்ம பிள்ளைகள் ஊழியரா, ஒப்பந்தக்காரரா?



இரத்மலானையில் ரயில்வே வேலைத்தளத்தில் நிரந்தர வேலை என்றால் பென்ஷன். தனியார் தொழிற்சாலை என்றால் ஊழியர் சேமலாப நிதி, அதுதான் ஈபிஎப். 1958ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. இன்று தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். நம்ம பெரியவர்கள் பலர் வீட்டுக்குக் கூரை போட்டதே அந்தக் காசில்தான்.

2015இல் பிக்மீயும் ஊபரும் கொழும்பில் இறங்கின. காலி வீதியில் ஓட்டோ ஓடும் நம்ம பிள்ளைகளுக்கு ஹயரைக் கொடுப்பதும் கட்டணத்தைப் போடுவதும் செயலிதான். பெற்றோல், டயர், லீசிங் மட்டும் அவர்கள் தலையில். ஈபிஎப் கிடையாது, 'சுயதொழில்' செய்கிறார்களாம்!

நாம் மறந்துவிட்டது 1950ஆம் ஆண்டுக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தை. மாதச் சம்பளக்காரரை மட்டும் அது தொழிலாளி என்று சொல்லவில்லை. ஒரு வேலையைத் தானே நேரில் செய்து தர ஒப்புக்கொண்டவரையும் சேர்த்தது. வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் போதும் என்றது.

பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் ஊபர் சாரதிகளைத் தொழிலாளர் என்றது. முழு ஊழியர் அல்ல; ஆனாலும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கும் சம்பளத்தோடு லீவுக்கும் உரிமை வந்தது. நினைத்த நேரம் ஓடும் சுதந்திரம் போய்விடுமோ என்று நம்ம பிள்ளைகள் பயப்படுவது நியாயம்தான். அங்கே அது போகவில்லை.