முதல் பிரிவு வேண்டாம்!

"அந்த டாக்டர் கைராசிக்காரர்" என்று நம் ஊர்களில் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மருத்துவரின் பட்டத்தை நோயாளி அவ்வளவாக விசாரிப்பதில்லை. அவரிடம் போனவர்கள் பிழைத்து வந்தார்களா, அவர் கை எப்படி என்றுதான் கேட்கிறார். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதும் உண்டு. ஆனால், ஐரோப்பாவின் புகழ்பெற்ற மருத்துவமனை ஒன்றில், ஏழைப் பெண்கள் தம் மருத்துவர்களின் கையைப் பற்றிச் சொன்ன தீர்ப்பு சரியாகவும், பேராசிரியர்கள் சொன்னது தவறாகவும் இருந்ததுண்டு. அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

வியன்னா நகரின் பொது மருத்துவமனையில் இலவச மகப்பேற்றுப் பகுதி இரு பிரிவுகளாக இயங்கி வந்தது. 1840-க்குப் பிறகு முதல் பிரிவில் மருத்துவ மாணவர்களும், இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிப் பயிற்சி பெறும் பெண்களும் மட்டுமே கற்றனர். வருபவர் எந்தப் பிரிவில் சேர வேண்டும் என்பதைக் கிழமை முடிவு செய்தது. மாலை 4 மணிக்கு முறை மாறும். அங்கே வந்தவர்களில் பலர் மணமாகாத, வசதியற்ற பெண்கள். மாணவர்கள் தம் உடலைச் சோதித்துக் கற்க இடங்கொடுப்பதே இலவச மருத்துவத்துக்கு அவர்கள் தந்த விலை.

1841 முதல் 1846 வரையிலான கணக்கைப் பாருங்கள். முதல் பிரிவில் 20,042 பிரசவங்கள். இறந்த தாய்மார் 1,989 பேர். இரண்டாம் பிரிவில் 17,791 பிரசவங்கள். இறந்தவர் 691 பேர். அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 10; நூற்றுக்கு ஏறத்தாழ 4. பெரும்பாலோரைக் கொன்றது பிரசவ ஜன்னி. முதல் பிரிவில் நோய் முற்றிய சிலர் வேறு வார்டுக்கு மாற்றப்பட்டு அங்கே இறந்தனர். அவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆகவே, உண்மை நிலை ஏட்டில் உள்ளதைவிட மோசம்.

இந்த ஏட்டை அந்தப் பெண்கள் பார்த்ததில்லை. ஆயினும் நகரெங்கும் அவர்களுக்குச் செய்தி தெரிந்திருந்தது. வந்த நாள் முதல் பிரிவின் நாள் என்று அறிந்ததும், மண்டியிட்டு, கைகளைப் பிசைந்துகொண்டு, "எங்களை விட்டுவிடுங்கள்" என்று கெஞ்சியவர்கள் பலர். உள்ளே சேர்ந்துவிட்டவர்களோ, நாடி துடிக்க, வயிறு உப்ப, நாக்கு உலர்ந்து கிடந்த நிலையிலும் "எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்" என்று சாதித்தார்கள். மருத்துவர் கை வைத்தால் அடுத்தது சாவுதான் என்பது அவர்கள் கண்டது. காரணம் அவர்களுக்குத் தெரியாது, கணக்கு தெரிந்திருந்தது.

1846 ஜூலையில் முதல் பிரிவின் உதவி மருத்துவராகப் பொறுப்பேற்ற இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற 28 வயது ஹங்கேரியர்தான் இந்தக் காட்சிகளை எழுதி வைத்தவர். மற்றவர்கள் இதைப் பெண்களின் பேதைமை என்று ஒதுக்கியபோது, அவர் இதை ஒரு தகவலாக எடுத்துக்கொண்டார். இயற்பியல் கற்பிக்கும் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுவே.

அன்றைய விளக்கங்களை அவர் ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தார். காற்றில் பரவும் ஏதோ கேடு என்றார்கள். ஒரே வளாகத்தில் அடுத்தடுத்துள்ள இரு பிரிவுகளுக்கும் தனித்தனிக் காற்றா வீசுகிறது? நெரிசல் என்றார்கள். பெண்கள் முண்டியடித்துக்கொண்டு சேர்ந்த இரண்டாம் பிரிவில்தான் நெரிசல் அதிகம். அச்சமே நோயைத் தருகிறது என்றும் சொன்னார்கள். இது நோயாளியின் தலையிலேயே பழியைப் போடுவதல்லவா? செம்மல்வைஸின் மறுப்பு எளிமையானது: சாவுகள் நடந்த பிறகுதானே அச்சம் பிறந்திருக்க முடியும்? இருந்தும், மணியோசையுடன் வார்டின் வழியே செல்லும் பாதிரியாரை வேறு வழியாகப் போகச் செய்து பார்த்தார். மாற்றமில்லை. பெண்களைப் படுக்க வைக்கும் முறையை மாற்றினார். அதிலும் பயனில்லை. வரும் வழியில் தெருவிலேயே பிரசவித்தவர்களுக்கு ஜன்னி அரிதாகவே கண்டது என்பது அவரை மேலும் குழப்பியது.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர், தடய மருத்துவப் பேராசிரியர் கோலெட்ச்கா இறந்தார். பிணச்சோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் குத்திவிட்டது. அவருடைய பிணச்சோதனை அறிக்கையில் ஜன்னி கண்டு இறந்த பெண்களின் உடலில் காணும் அதே மாறுதல்கள்! பிணத்திலிருந்து கத்தி கொண்டு சென்றதையே, பெண்களிடம் மருத்துவர்களின் கைகள் கொண்டு சென்றன. காலையில் பிணவறையில் அறுத்த கையே பிறகு பிரசவ வார்டுக்கு வந்தது. மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. தெருவில் பிரசவித்தவளை எந்த மாணவரும் சோதிக்கவில்லை. எல்லாம் பொருந்தியது.

சோப்பு போட்டுக் கழுவினாலும் கையில் பிணவாடை போவதில்லை. ஆகவே மே நடுவில் குளோரின் கரைசலில் கைகழுவுவதைக் கட்டாயமாக்கினார். பின்னர் விலை மலிவான சலவைத்தூள் பயன்பட்டது. ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேருக்கு மேல் இறந்த பிரிவில், ஜூலையில் இறந்தவர் நூற்றுக்கு 1 என்ற அளவுக்கு இறங்கினர். 1848-இல் முதல் பிரிவில் 3,556 பிரசவங்களுக்கு 45 சாவுகள். இரண்டாம் பிரிவில் 3,219-க்கு 43. இரு பிரிவுகளும் ஏறக்குறைய சமமாகிவிட்டன.

பெண்களின் தீர்ப்பு உறுதியாயிற்று. பேராசிரியர்கள் பலரோ ஏற்கவில்லை. தம் கைகளே கொன்றன என்பதை யாரால் எளிதில் ஒப்புக்கொள்ள முடியும்? செம்மல்வைஸும் தம் கண்டுபிடிப்பை உடனே முறையாக எழுதி வெளியிடவில்லை. நூல் வெளிவந்தது 1861-இல்தான். 1849-இல் அவரது பதவி நீட்டிக்கப்படவில்லை. 1865-இல் வியன்னாவில் ஒரு மனநோய் விடுதியில் அவர் இறந்தார்.

1879-இல் பாரிஸ் மருத்துவ அகாடமியில் பிரசவ ஜன்னி பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது, லூயி பாஸ்டர் குறுக்கிட்டார். மருத்துவரும் அவருடைய உதவியாளர்களுமே நோயுற்ற பெண்ணிடமிருந்து நலமான பெண்ணுக்கு நுண்ணுயிரைக் கொண்டு செல்கிறார்கள் என்றார். பிறகு, மணிகளைக் கோத்ததுபோன்ற அதன் வடிவத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார்.